விழுந்தவன் நேரத் திருடன் இல்லை

அவன் விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. சீமெந்துத் தரையில் பின்மண்டை படுகிற சத்தம். தேங்காய் விழுந்த மாதிரி இருந்தது என்று பிறகு எங்களில் ஒருத்தி சொன்னாள். அந்த நேரத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் சுற்றிவர நின்ற எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "எழும்புடா!"

மூன்றாம் கால்பகுதி. இரண்டு புள்ளி பின்னால் நிற்கிறோம். ரிபவுண்டுக்குப் பாய்ந்தவனை மேலே வைத்தே யாரோ இடித்துவிட்டார்கள். நடுவர் அவனைத் தாண்டி ஓடினார். ஓடுகிற ஓட்டத்திலேயே கையை ஆட்டி, "நடிக்காம எழும்பு தம்பி, டைம் போகுது" என்றார். எதிரணி பந்தைக் கொண்டுபோய்க் கூடையில் போட்டது. அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தார். அதற்குள் அவன் எழும்பி நின்றுவிட்டான்.

"ஓகேயா?"

"ஓகே சேர்."

ஆட்டம் தொடர்ந்தது. அவன் இன்னும் ஆறேழு நிமிடம் விளையாடினான். ஒரு தடவை எங்கள் கூடைக்கே பந்தைக் கொண்டு ஓடப் பார்த்தான். சனம் சிரித்தது, நாங்களும் சிரித்தோம். டைம்-அவுட்டில் தண்ணி குடித்துக்கொண்டே, "மச்சான், இது மொதலாவது மெட்சா ரெண்டாவதா?" என்று கேட்டான். அதற்கும் சிரித்தோம். மெட்ச் முடிந்து ஓட்டோவில் போகும்போது இரண்டு தடவை சத்தி எடுத்தான். சிரிப்பு அத்தோடு நின்றது.

அல்ஹம்துலில்லாஹ், இன்றைக்கு நல்லா இருக்கிறான். ஒரு இரவு வார்டில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். இரண்டு கிழமை புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஆடுது என்றான். ஒரு பரீட்சை போனது. உயிர் போகவில்லை.

எந்தச் சுற்றுப்போட்டி, எந்த நடுவர் என்று எழுதப்போவதில்லை. ஒரு மனிசனைப் பிடித்து நாறடிப்பதற்கு இது எழுதப்படவில்லை. மருதமுனையில் தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரைக்கும் எந்த மைதானத்தில் போய்க் கேட்டாலும் இதே கதை வேறு பெயரோடு வரும். சில இடத்தில் கூடைப்பந்து, பல இடத்தில் உதைபந்து, கிரிக்கட், கபடி. பந்து மாறும், "நடிக்கான்" என்ற சொல் மாறாது. நாங்கள் சண்டை பிடிக்க வந்தது அந்தச் சொல்லோடுதான்.

*ஐந்தாம் பிரிவை யார் வாசித்தது?*

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். வைத்தியம் தெரியாது, வாசிக்கத் தெரியும். அதனால் சர்வதேச கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்தின் சட்டப் புத்தகத்தை எடுத்து வாசித்தோம். காயத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, ஐந்தாம் பிரிவு. அரைப் பக்கம் வருமோ என்னவோ. ஆனால் அந்த அரைப் பக்கத்தை வாசித்திருந்தால் எங்கள் நண்பன் அந்த ஆறேழு நிமிடம் கோட்டில் நின்றிருக்க மாட்டான்.

அதில் இருப்பதை எங்கள் சொல்லில் தருகிறோம். ஒரு வீரர் காயப்பட்டால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தலாம். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது காயம் நடந்தால், பந்து வைத்திருக்கிற அணி எறிந்து முடிக்கும்வரை, அல்லது பந்தை இழக்கும்வரை, அல்லது தாங்களாகவே ஆடாமல் நிறுத்தும்வரை விசில் ஊதாமல் பொறுக்க வேண்டும். நியாயம்தான். கூடைக்குக் கிட்ட நிற்கிறவனின் வாய்ப்பை, எங்கோ ஒருவன் கால் தடுக்கி விழுந்ததற்காகப் பறிக்கக்கூடாது.

அன்று எங்கள் நடுவரும் இதைத்தான் செய்தார் என்று சிலர் வாதாடினார்கள். ஆனால் சட்டம் அந்த இடத்தில் முடியவில்லை. அடுத்த வரியே, காயப்பட்டவரைப் பாதுகாக்கத் தேவையென்றால் அந்தக் கணமே ஆட்டத்தை நிறுத்தலாம் என்கிறது. முன்வரியை எல்லோருக்கும் தெரியும், பின்வரியை யாருக்கும் தெரியாது. கணுக்கால் பிரண்டவனுக்கு முன்வரி. தலை அடிபட்டவனுக்கு, கழுத்தைப் பிடித்துக்கொண்டு கிடப்பவனுக்கு, அசையாமல் கிடப்பவனுக்குப் பின்வரி. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தானே நடுவர் என்று ஒரு ஆளை வைத்திருக்கிறோம்?

இன்னும் இருக்கிறது. காயப்பட்டவர் ஏறக்குறைய 15 செக்கனுக்குள் விளையாட்டைத் தொடர முடியாவிட்டால், அல்லது அவருக்குச் சிகிச்சை கொடுத்தால், அல்லது அவரது அணி பெஞ்சிலிருந்து யாராவது உள்ளே வந்து உதவினால், அவரை மாற்றியே ஆகவேண்டும். அணியில் ஐந்து பேருக்குக் குறையும் நிலை வந்தால் மட்டும் விதிவிலக்கு. இரத்தம் வடிந்தால், திறந்த காயம் இருந்தால், அவர் வெளியே. இரத்தம் நின்று, காயத்தை முழுசாக மூடிக் கட்டிய பிறகுதான் திரும்ப உள்ளே வரலாம். சட்டைக் கையால் துடைத்துவிட்டு "ஒண்டுமில்ல சேர்" என்பது சட்டத்தில் இல்லை. மாற்றப்பட்டவர் அன்றைய ஆட்டத்துக்கே இல்லாமல் போவதுமில்லை. குணமானால் திரும்ப வரலாம்.

எங்களை உட்கார வைத்து யோசிக்க வைத்த விதி இன்னொன்று. பயிற்றுநர் உள்ளே வருவதற்கு நடுவரின் அனுமதி வேண்டும். வைத்தியர் வருவதற்கு வேண்டாம். உடனடிச் சிகிச்சை தேவை என்று வைத்தியர் நினைத்தால், யாரிடமும் கேட்காமல் கோட்டுக்குள் இறங்கலாம். விசில் பிடித்தவரின் அதிகாரத்துக்கு மேலே ஒரு அதிகாரம் உண்டு, அது உடம்பைத் தெரிந்தவரின் அதிகாரம் என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது. எங்கட மைதானங்களில் அந்த ஆளே இல்லை. அவர் இல்லாத இடத்தில் அவருடைய வேலையும் நடுவரின் தலையில் வந்து விழுகிறது. அந்த வேலையை "நடிக்காத" என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகிறோம்.

*ஓடுகிற கடிகாரம்*

சரி, ஏன் "நடிக்கான்" என்கிறோம்? சிலர் உண்மையில் நடிக்கிறார்கள் என்பதால். இதை மறைக்க விரும்பவில்லை. முன்னுக்கு நிற்கிற அணியில் கடைசி இரண்டு நிமிடத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருளுகிறவனை நாங்களும் பார்த்திருக்கிறோம். உண்மையைச் சொன்னால், எங்களில் ஒருவனே உருண்டிருக்கிறான்.

ஆனால் கூடைப்பந்தில் நடித்து என்ன லாபம்? சட்டப்படி நான்கு கால்பகுதி, ஒவ்வொன்றும் 10 நிமிடம். ஒவ்வொரு விசிலுக்கும் கடிகாரம் நிற்கும். காயத்துக்காக நிறுத்தினாலும் நிற்கும். நீங்கள் ஐந்து நிமிடம் உருண்டாலும் ஸ்கோர் மேசையில் ஒரு செக்கன் குறையாது. போதாததற்கு, உதவி வாங்கினால் நீங்களே வெளியே போகவேண்டும். நடிக்கிறவனுக்கு நட்டம் வரும்படிதான் இந்த விளையாட்டின் சட்டத்தை எழுதியிருக்கிறார்கள். அப்படி எழுதியதால்தான் நடுவர் பயமில்லாமல் விழுந்தவனை நம்பலாம். நம்பி ஏமாந்தாலும் இழப்பு ஒன்றுமில்லை.

எங்கள் போட்டிகளில் கடிகாரம் நிற்பதில்லை. ஒரே நாளில் பதினாறு அணியைக் கூப்பிட்டு, காலை ஒன்பதுக்கு என்று போட்டுப் பத்தரைக்குத் தொடங்கி, பிரதம அதிதி வரும்வரை பார்த்திருந்து, பிறகு "மஃரிபுக்கு முதல் முடிக்கணும்" என்று ஓடுகிறோம். அதற்காகக் கால்பகுதியை வெட்டுகிறோம், கடிகாரத்தை நிறுத்தாமல் ஓடவிடுகிறோம். மஃரிப் நேரத்தை யாரும் மாற்ற முடியாது. அணிகளின் எண்ணிக்கையை மாற்றலாம். அதிதியின் பேச்சை வெட்டலாம். நாங்கள் வெட்டியது கடிகாரத்தை.

அந்த ஒரு முடிவால் எல்லாமே தலைகீழாகிறது. கடிகாரம் ஓடும்போது, தரையில் கிடக்கிற ஒவ்வொரு செக்கனும் யாரோ ஒருவருடைய நேரம். நடிக்கிறவனுக்கு லாபம் வருகிறது. அதனால் நடிக்கிறான். அவன் நடிப்பதால் நடுவர் யாரையும் நம்புவதில்லை. நம்பாததால் உண்மையாக விழுந்தவனும் எழும்பி நிற்கவேண்டியிருக்கிறது. நிற்க முடியாதவன் சனத்தின் கண்ணில் நேரத் திருடன் ஆகிறான். நடுவருக்கு இரக்கம் இல்லையென்று நாங்கள் சொல்லவில்லை. இரக்கப்படுவதற்கு இடமில்லாத ஒரு கடிகாரத்தை அவர் கையில் கொடுத்தது நாங்கள், போட்டி நடத்துகிறவர்கள்.

*"ஓகே சேர்" என்பது பதில் இல்லை*

2014 யூலை 13, பிரேசிலின் மரக்கானா மைதானம், உதைபந்து உலகக் கிண்ண இறுதி. ஜேர்மனியின் கிறிஸ்டோப் கிராமருக்கு 17ஆம் நிமிடமளவில் ஆர்ஜன்டீன வீரரின் தோள் முகத்தில் பலமாக இடித்தது. எழும்பினார், விளையாடினார். கொஞ்ச நேரத்தில் நடுவர் நிக்கோலா ரிசோலியிடம் போய், இது இறுதிப் போட்டியா என்று கேட்டார். ரிசோலி முதலில் பகிடி என்று நினைத்தார். பிறகு விளங்கி, ஜேர்மன் அணிக்குத் தெரியப்படுத்தினார். 31ஆம் நிமிடத்தில்தான் கிராமர் வெளியே போனார். உலகத்தின் மிகப் பெரிய போட்டி, பக்கத்தில் உலகத்தரமான வைத்தியர்கள், அப்படியிருந்தும் 14 நிமிடம்.

எங்கள் நண்பன் கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான். அதை வாசித்தபோது எங்களுக்கு உடம்பு கூசியது. ரிசோலி அந்தக் கேள்வியை அடையாளம் கண்டார். நாங்கள் சிரித்தோம்.

தலையில் அடிபட்டவரிடம் "ஓகேயா?" என்று கேட்பதில் ஒரு அடிப்படைப் பிழை இருக்கிறது. பதில் சொல்லவேண்டிய உறுப்பே அடிபட்ட உறுப்பு. மூளை அதிர்ச்சி வந்தவர்களில் பெரும்பாலானோர் மயங்குவதில்லை. எழும்பி நடப்பார்கள், கதைப்பார்கள், ஓகே என்பார்கள். அதனால்தான் வைத்தியர் அல்லாதவர்களுக்கென்று எழுதிய கையேடுகள் எல்லாம் சொல்வது ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் வெளியே எடு, அன்றைக்குத் திரும்ப இறக்காதே. கழுத்து வலி, இரட்டைப் பார்வை, கை கால் விறைப்பு அல்லது பலவீனம், கூடிக்கொண்டே போகிற தலைவலி, வலிப்பு, சத்தி, மயக்கம், குழப்பம் அல்லது கோபம் கூடுவது, இவற்றில் எது வந்தாலும் ஆஸ்பத்திரி. முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி பட்டால், அபூர்வமாக என்றாலும், மூளை வீங்கி உயிரே போகலாம். அது அதிகம் நடப்பது எங்கள் வயதுக்காரருக்கும் எங்களுக்கு இளையவர்களுக்கும்தான்.

"அப்ப எங்கட காலத்தில எல்லாம் இப்பிடியா பாத்த?" என்று எங்கள் காக்காமார் கேட்பார்கள். இல்லை, உங்கட காலத்தில் பார்க்கவில்லை. 1975 உலகக் கிண்ணத்தில் ஓவல் மைதானத்தில் ஜெஃப் தொம்சனின் பந்து தலையில் பட்டு துலீப் மெண்டிஸ் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதே இன்னிங்சில் காலில் வாங்கிய சுனில் வெத்தமுனியும் போனார். அப்போது ஹெல்மட் இல்லை. அதற்காக இன்றைக்கும் ஹெல்மட் வேண்டாம் என்கிறோமா?

கிரிக்கட் பாடம் படித்தது விலை கொடுத்துத்தான். 2014 நவம்பரில் பில் ஹியூஸ் சிட்னியில் பந்து கழுத்தில் பட்டு விழுந்து, இரண்டு நாளில் இறந்தார். 2019 பெப்ரவரியில் கன்பராவில் பெட் கமின்ஸின் பந்து பட்டு திமுத் கருணாரத்ன ஸ்ட்ரெச்சரில் வெளியே போனார். அதே டெஸ்டில் குசல் பெரேரா ஹெல்மட்டில் வாங்கிவிட்டுத் தொடர்ந்து ஆடப் பார்த்து, முடியாமல் வெளியேறினார். அந்த வருடம் ஓகஸ்ட் முதல்தான் சர்வதேச கிரிக்கட்டில் தலைக் காயத்துக்கு மாற்று வீரரை இறக்கும் விதி வந்தது. அதே மாதம் லோர்ட்ஸில் ஸ்டீவ் ஸ்மித் அடிபட்டு, வெளியே போய், அன்றே திரும்பி வந்து ஆடினார். அடுத்த நாள் அவரால் முடியவில்லை. மார்னஸ் லபுஷேன் அவர் இடத்துக்கு வந்தார். முதல் சோதனையில் தப்பியது அடுத்த நாள் காலையில் வெளிவந்தது என்பதை இந்த இடத்தில் அடிக்கோடிடுங்கள்.

எங்கட அணிக்கும் இது நடந்தது. 2022 மே, சட்டோகிராம் டெஸ்ட். விஷ்வ பெர்னாண்டோவுக்குத் தலையில் பந்து பட்டது. அவர் இடத்தில் கசுன் ராஜித இறங்கினார், முதல் இன்னிங்சில் நான்கு விக்கட் எடுத்தார். காயப்பட்டவனை வெளியே எடுத்தால் அணி தோற்கும் என்று யார் சொன்னது?

ஆனால் எங்கள் போன்களில் சுற்றுவது வேறு வீடியோ. 2013 ஏப்ரல், கோபி பிரயன்ட் குதிக்கால் நரம்பு அறுந்த காலோடு நின்று இரண்டு ஃப்ரீ-த்ரோவையும் போடுகிற வீடியோ. நாங்களும் பார்த்தோம், ஸ்டேட்டஸில் வைத்தோம். அந்த இரண்டு எறிதலுக்குப் பிறகு அவர் நேரே உள்ளே போய்விட்டார் என்பதையும், அடுத்த நாளே சத்திரசிகிச்சை என்பதையும், திரும்ப விளையாட எட்டு மாதம் எடுத்தது என்பதையும் எந்த வீடியோவும் காட்டுவதில்லை.

*மீனுக்கு இருக்கிற ஐஸ்*

2015இல் இங்கிலாந்தின் சரே பகுதியில், பிரித்தானியத் தமிழர் கிரிக்கட் லீக் போட்டியொன்றில், மானிப்பாய்க் கழகம் ஒன்றுக்கு ஆடிய 24 வயது இளைஞர் நெஞ்சில் பந்து பட்டு இறந்துபோனார். சம்பளத்துக்கு ஆடிய ஆள் இல்லை. எங்களைப் போல வாரக் கடைசியில் ஆசைக்கு விளையாடியவர். 2023இல் மணிலாவில் நடந்த கூடைப்பந்து உலகக் கிண்ணத்தில் சேர்பியாவின் போரிஷா சிமானிச்சுக்கு விலாவில் ஒரு முழங்கை பட்டது. பார்த்தவர்களுக்கு அது வழக்கமான இடி. அவருக்கு ஒரு சிறுநீரகம் போனது. வெளியே பார்த்து உள்ளே என்ன என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நல்லபடி நடந்ததும் உண்டு. 2021 யூன் 12, கொப்பன்ஹேகன். கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் தொடாமலே சரிந்தார். நடுவர் அன்தனி டெய்லர் உடனே விசில் ஊதி வைத்தியர்களை உள்ளே கூப்பிட்டார். "நடிக்கானா பாப்பம்" என்று நிற்கவில்லை. நெஞ்சை அழுத்தத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவி இருந்தது. எரிக்சன் பிழைத்தார், திரும்பவும் விளையாடினார்.

எங்களிடம் என்ன இருக்கிறது? ஆளுயரக் கிண்ணம் இருக்கிறது. ஆறு பொன்னாடை இருக்கிறது. அடுத்த ஊருக்குக் கேட்கும் ஒலிபெருக்கி இருக்கிறது. முதலுதவிப் பெட்டி எங்கே என்று கேட்டால் காரியாலய அலுமாரியில், திறப்பு சேரிடம், சேர் லீவு. யாராவது விழுந்தால் முகத்தில் தண்ணி அடித்து, நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். கழுத்தில் அடிபட்டவனை அப்படித் தூக்கினால் நடக்கிறவனும் நடக்காமல் போகலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

காசில்லை என்று சொல்லாதீர்கள். இது கடற்கரை. தோணி வந்தால் விடியற்காலையில் பெட்டி பெட்டியாக ஐஸ் இறங்குகிற ஊர். கீரி மீனுக்கு ஐஸ் வைக்கத் தெரிந்த எங்களுக்கு, பிரண்ட கணுக்காலுக்கு ஒரு ரெஜிபோமில் ஐஸ் கொண்டுவந்து வைக்க எவ்வளவு செலவு? 1990 அடித்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். அந்த இலக்கத்தை ஸ்கோர் மேசையில் ஒட்டுவதற்கு ஒரு தாளும் பசையும் போதும்.

*"புள்ளைக்கு ஏதும் நடந்தா யார் பொறுப்பு?"*

எங்களில் பாதிப் பேர் பெண்கள். இந்தப் பகுதியை அவர்கள் சொல்லச் சொல்லத்தான் எழுதினோம்.

2014 செப்டெம்பரில் தென்கொரியாவின் இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கட்டார் பெண்கள் கூடைப்பந்து அணி ஒரு பந்துகூட எறியாமல் திரும்பிப் போனது. ஹிஜாபைக் கழற்றினால்தான் ஆடலாம் என்றார்கள். சம்மேளனத்தின் சட்டத்தில் தலையை மூடுவதற்குத் தடை இருந்தது. சொல்லப்பட்ட காரணம் பாதுகாப்பு. உதைபந்தில் அதே 2014இல் அனுமதி வந்துவிட்டது. கூடைப்பந்தில் 2017 ஒக்டோபர் வரை இழுத்தார்கள். ஒரு முழத் துணியில் ஆபத்தைக் கண்டுபிடித்த உலகம் அது.

அதை நாங்கள் திட்டினோம். நியாயமான திட்டு. ஆனால் எங்கட ஊருக்குள் என்ன செய்கிறோம்? ஒரு பிள்ளை வலைப்பந்து ஆடும்போது விழுந்தால், ஆண் நடுவர் நாலு அடி தள்ளி நின்று, "யாராவது மிஸ்ஸக் கூப்பிடுங்க" என்கிறார். அவர் தயங்குவது எங்களுக்கு விளங்குகிறது. அந்தத் தயக்கத்தைக் குறை சொல்லவில்லை. அவர் தயங்குவார் என்று தெரிந்தும், பெண்கள் போட்டிக்கு முதலுதவி தெரிந்த ஒரு ராத்தாவையோ மிஸ்ஸையோ பக்கத்தில் வைக்காமல் போட்டி நடத்துகிறார்களே, அதைத்தான் குறை சொல்கிறோம். மிஸ் வரும்வரை அந்தப் பிள்ளை கிடக்கிற நேரம் யாருடைய கணக்கு?

அதற்குப் பிறகு நடப்பது இன்னும் மோசம். அந்தப் பிள்ளையின் காயம் ஆறும். அடுத்த வருடம் அணி இருக்காது. "புள்ளைக்கு ஏதும் நடந்தா யார் பொறுப்பு?" என்று ஒரு கூட்டத்தில் யாரோ கேட்பார்கள், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், விளையாட்டு நின்றுபோகும். ஆண் பிள்ளை விழுந்தால் "எழும்பு" என்கிறோம். பெண் பிள்ளை விழுந்தால் "வீட்ட போ" என்கிறோம். இரண்டு பேரையும் பராமரிக்கிற வேலையிலிருந்து தப்புகிற இரண்டு வழிதான் இவை. பொறுப்பு யார் என்ற கேள்விக்கு நேரான பதில் ஒன்று உண்டு: போட்டியை நடத்துகிறவர். பதிலைச் சொல்லி, அதன்படி ஒரு ஆளை வையுங்கள். விளையாட்டை மூடாதீர்கள்.

*நடுவரும் எங்கட ஆள்தான்*

கிழக்கில் கூடைப்பந்தின் பெயர் என்றால் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரி. அமெரிக்காவிலிருந்து வந்த யேசுசபைக் குருமார் வளர்த்த விளையாட்டு. ஹெரல்ட் வெபர் அடிகளாரின் பெயரில் அந்த நகரில் மைதானமே இருக்கிறது. கூடைப்பந்து பழக்கிய இயூஜின் ஹேபேர்ட் அடிகளார் 1990 ஓகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில் காணாமல் போனார், இன்றுவரை திரும்பவில்லை. அந்த ஊரில் பிள்ளைகளைப் பக்கத்தில் நின்று வளர்த்த ஒரு பழக்கம் இருந்தது. தெற்கே எங்கட பக்கம் இந்த விளையாட்டு பிந்தி வந்தது. கோட்டும் கூடையும் வந்தன, பழக்கம் முழுசாக வரவில்லை. எங்களுக்கு நடுவராக வருகிறவர் பெரும்பாலும் உதைபந்து ஊதிப் பழகிய ஒரு சேர். ஒரு சாப்பாட்டுப் பார்சலுக்கும் பஸ் காசுக்கும் வெயிலில் நின்று, இரண்டு பக்கத்து ஏச்சையும் வாங்கிக்கொண்டு ஊதுகிறார். சட்டத்தில் இருவரோ மூவரோ செய்யும் வேலையைத் தனி ஆளாகச் செய்கிறார்.

அவர் மேல் எங்களுக்குக் கோபம் இருக்கிறது. அவர் எங்கள் எதிரி இல்லை. முழு மைதானத்திலும் வெல்லவேண்டும் என்ற ஆசை இல்லாத ஒரே ஆள் அவர்தான். அதனால்தான் கேட்கிறோம். பயிற்றுநருக்குக் கிண்ணம் வேண்டும், அணிக்கு அவன் வேண்டும், அவனுக்கு அணி வேண்டும். இத்தனை ஆசைக்கு நடுவில் "போதும், வெளியே வா" என்று சொல்லக்கூடிய வாய் ஒன்றுதான் இருக்கிறது. அந்த வாயில் விசில் இருக்கிறது.

கேட்பது இவ்வளவுதான். ஓடும் கடிகாரத்தோடு போட்டி நடத்தாதீர்கள். நடத்தத்தான் வேண்டுமென்றால், காயத்துக்காவது அதை நிறுத்துங்கள். தலையில் அடிபட்டவரை அன்றைக்கு மீண்டும் இறக்காதீர்கள், அவர் கெஞ்சினாலும், நாங்கள் கெஞ்சினாலும். ஐஸும் பஞ்சும் 1990 என்ற இலக்கமும் ஸ்கோர் மேசையில் இருக்கட்டும். முதலுதவி தெரிந்த ஒருவர், பெண்கள் போட்டியென்றால் ஒரு பெண், போட்டி முடியும்வரை அங்கே நிற்கட்டும். தொடங்கும் முன் நடுவர் இரண்டு தலைவர்களையும் கூப்பிட்டு ஐந்தாம் பிரிவைத் தமிழில் வாசிக்கட்டும். பிரதம அதிதியின் பேச்சைவிடச் சின்னது அது.

கடைசியாக எங்களைப் பற்றி. அன்று பெஞ்சில் எங்களிடம் ஆறாவது ஆள் இருந்தான். முதலாம் வருடம், ஒல்லிப் பொடியன். அவனை இறக்கினால் தோற்றுவிடுவோம் என்று நினைத்தோம். அடிபட்டவன் "ஓகே" என்று சொன்னபோது எங்களில் ஒருவரும் மறுக்காததற்குக் காரணம் அதுதான். நடுவர் ஒரு தடவைதான் அவனைத் தாண்டி ஓடினார். நாங்கள் ஆறேழு நிமிடம் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றோம். தோற்கவும் செய்தோம்.

பிறகு சட்டப் புத்தகத்தில் இன்னொரு வரியைக் கண்டோம். மாற்று வீரரைக் கேட்கும் உரிமை பயிற்றுநருக்கு இல்லை, உள்ளே போகப்போகிற அந்த மாற்று வீரருக்குத்தான். அவர் தானே ஸ்கோர் மேசைக்குப் போய், கையைக் காட்டிக் கேட்கவேண்டும். அந்தப் பொடியன் எழும்பி நாலு அடி நடந்திருந்தால் போதும். அடுத்த தடவை பந்து நின்றதும் எங்கள் நண்பன் வெளியே வந்திருப்பான்.

அவனுக்கு அது தெரியாது. நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. இப்போது சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.